பூசையில தூங்குன பிள்ளைக்கு

பாப்பா,

செவ்வாய்க்கிழம நீ மெல்பர்ன்லேர்ந்து அனுப்புன வாய்ஸ் மெசேஜ மூணு தடவ கேட்டேன். மொத தடவ மார்க்கெட்ல மீன் வெட்டுற சத்தத்துல ஒன்னும் புரியல, ரெண்டாவது தடவ லிஃப்ட்டுக்குள்ள கட் ஆயிருச்சு, அப்பறம் கிச்சன்ல உக்காந்து முழுசா கேட்டேன். சர்ச்சுல பூசைக்கு போறேன்மா ஆனா ஒன்னுமே தோணல, எந்திரிக்க சொன்னா எந்திரிக்கிறேன் உக்கார சொன்னா உக்கார்றேன், நடிக்கிற மாதிரி இருக்கு, பேசாம நிறுத்திரலாமான்னு பாக்குறேன்னு சொன்ன. போன் பண்ணா நான் கத்திருவேன்னு எனக்கே தெரியும், அதான் டைப் பண்றேன். அப்பா தூங்கிட்டார்.

கோவம் இல்லடா. பயந்தேன், அது உண்மை. ஆனா கேக்க கேக்க எனக்கு உன் குரல் மாதிரியே இல்ல, என் குரல் மாதிரி இருந்துச்சு.

நீ செக்கண்டரி ஒன்னு போன வருஷம் எனக்கும் இதே வந்துச்சு, நாலு வருஷம் இருந்துச்சு. அப்பாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. வீட்ல சாவு இல்ல, கடன் இல்ல, ஒரு காரணமும் சொல்ல முடியாது, டிவி சவுண்ட யாரோ குறைச்ச மாதிரி கொஞ்சம் கொஞ்சமா போயிருச்சு. ஞாயித்துக்கிழம இங்க சிங்கப்பூர்ல கோயிலுக்கு போக ஈசூன்ல டிரெயின் ஏறி நீங்கல்லாம் கேம் விளையாடிட்டு வருவீங்க, நான் ஜெபமாலை உருட்டிட்டு வருவேன், நோவினா ஸ்டேஷன் வரும், ஒரு ஜெபத்தோட பேரையே எம்ஆர்டி ரயில் ஸ்டேஷனுக்கு வச்சிருக்கற ஊர்ல இருந்துகிட்டு எனக்கு ஒரு அருள்நிறை மரியே உருப்படியா சொல்ல வரலியேன்னு நெனச்சுக்குவேன். லூர்து மாதா கோயில் 1888-லேர்ந்து ஓஃபீர் ரோட்டுல நிக்குது, நம்ம தமிழாளுங்களுக்குன்னு கட்டுன கோயில், உன் தாத்தா பாட்டி கல்யாணம் அங்கதான், உன் ஞானஸ்நானமும் அங்கதான், அங்க உக்காந்தே ஒன்னும் தோணலன்னா வேற எங்க போய் தோணும். பிரசங்கத்துல தேக்கா மார்க்கெட்ல என்ன காய் வாங்கணும்னு கணக்கு போட்டுட்டு இருப்பேன்.

ஜெபக்கூட்டத்துல ஒரு அக்காகிட்ட சொன்னேன். சொல்லாத பாவம் ஏதாச்சும் உள்ள இருக்கும், நல்லா தேடிப் பாருன்னாங்க. பாவத்துக்கு என்ன பஞ்சம், தேடுனா ஒரு எக்சர்சைஸ் புக்கு பத்தாது. சாமியார்கிட்ட பாவத்த சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வெளிய வந்தேன், அதே வறட்சிதான். அதுக்கப்பறம் யார்கிட்டயும் வாய் தொறக்கல.

தியானத்துக்கு வந்த ஒரு சாமியார்தான் யேசு சபைய ஆரம்பிச்ச புனித இஞ்ஞாசியார் சொன்னத எடுத்து சொன்னார். மனசு வறண்டு கெடக்கறப்ப எந்த முடிவையும் மாத்தாத, நல்லா இருந்த நாள்ல என்ன முடிவு எடுத்தியோ அதுலயே நில்லு. எனக்கு இது பக்தியா கூட தெரியல, வீட்டு புத்தி மாதிரி இருந்துச்சு, காய்ச்சல்ல கெடக்கறப்ப யாராச்சும் வீட்ட விக்க கையெழுத்து போடுவாங்களா. வறட்சி ஏன் வருதுன்னும் மூணு காரணம் சொல்லியிருக்காரு அவரு. ஒன்னு நம்ம சோம்பேறித்தனம். இன்னொன்னு, சந்தோஷம்ங்கற கூலி கையில வராம நாம எவ்ளோ தூரம் வேல பாப்போம்னு பாக்கறது. மூணாவது, அந்த சந்தோஷம் நாம சம்பாதிச்சது இல்ல, கொடுத்தாதான் உண்டுன்னு நமக்கு புரிய வைக்கறது. எனக்கு மொத காரணமும் கொஞ்சம் இருந்துச்சு, சீரியல் முடிஞ்சு பாத்தா ராத்திரி ஜெபத்துக்கு கண்ணு சொருகிரும். உனக்கு எதுன்னு நீயே பாத்துக்க, நான் கேக்கல.

நடிக்கிறேன்னு சொன்னியே, அதுதான் எனக்கு உறுத்துது. நடிக்கிறவளுக்கு வலிக்காதுடா. சிலுவை அருளப்பர்னு ஒரு புனிதர் இதுக்கு ஒரு அடையாளமே சொல்லி வச்சிருக்காரு, அலட்சியமா இருக்கறவனுக்கு ஆண்டவர் விஷயத்துல அக்கறையே இருக்காது, வறட்சியில இருக்கறவன்தான் நான் அவர விட்டு விலகிட்டனோன்னு கெடந்து தவிப்பான்னு. நீ ராத்திரி ரெண்டு மணிக்கு டூட்டி பிரேக்ல உக்காந்து எனக்கு ஏழு நிமிஷம் பேசி அனுப்பியிருக்க, இது அலட்சியமா.

அன்னை தெரேசாவோட கடிதங்கள் 2007-ல புக்கா வந்தப்ப பேப்பர்ல படிச்சு நான் நம்பல. கல்கத்தா தெருவுல அந்த வேலைய ஆரம்பிச்ச காலத்துலேர்ந்து உள்ளுக்குள்ள இருட்டு, 1958-ல கொஞ்ச நாள் வெளிச்சம், மறுபடி இருட்டு, 1997-ல சாகற வரைக்கும். அத கேட்டு எல்லாரும் ஆஹான்னாங்க, எனக்கு வயித்த கலக்குச்சு, ஆண்டவரே நான் அவ்ளோ பெரிய ஆளு இல்லன்னு சொல்லிட்டேன். எனக்கு அந்த பிரான்ஸ் கன்னியாஸ்திரி குழந்தை தெரேசாதான் சரிப்படும். அவங்களுக்கும் 1896 ஈஸ்டர்லேர்ந்து சாகற வரைக்கும் ஒன்ற வருஷம் இருட்டுதான், சாகறப்ப வயசு இருவத்தி நாலு, உன்ன விட சின்னவ. ஆனா எனக்கு புடிச்சது அது இல்ல, ஜெபம் பண்றப்ப தூங்கிருவாங்களாம், அதுக்கு பெருசா அலட்டிக்கவும் இல்ல, பிள்ள முழிச்சிருந்தாலும் தூங்குனாலும் பெத்தவங்களுக்கு பிரியம் குறையுமான்னு எழுதி வச்சிருக்காங்க. நீ பூசையில என் மடியில தூங்குவ, நற்கருணை வாங்க எந்திரிக்கறப்ப கால் மரத்து போயிருக்கும், உன்ன தூக்கிட்டு நொண்டி நொண்டி போவேன். ஒருநாள் கூட உன்ன எழுப்புனது இல்ல.

இன்னொன்னும் சொல்றேன், திட்டாத. நீ தூங்குறியா ஒழுங்கா? மூணு வாரமா நைட் ஷிஃப்ட்னு சொன்ன. பைபிள்ல எலியா தீர்க்கதரிசி போதும் என் உயிர எடுத்துக்கங்கன்னு சூரைச்செடி அடியில படுத்தப்ப ஆண்டவர் பிரசங்கம் பண்ணல, தூங்க விட்டாரு, தேவதூதர அனுப்பி அடையும் தண்ணியும் வச்சாரு, சாப்ட்டுட்டு மறுபடி தூங்குனாரு, அதுக்கும் பேச்சு இல்ல, ரெண்டாவது தடவயும் சோறுதான். எதுலயுமே மனசு ஒட்டல, அழுகையா வருதுன்னா மொதல்ல டாக்டர பாரு, அது வேற விஷயமா இருக்கலாம், உனக்கு நான் சொல்லணுமா, நீயே நர்ஸ்.

ஜெபம் வரலன்னா இல்லாத வார்த்தைய இழுத்து வைக்காத. திருப்பாடல் 88 எடு, கதறல்ல ஆரம்பிச்சு இருட்டுலயே முடியும், மத்த புலம்பல் பாட்டுல கடைசியில வழக்கமா வர்ற புகழ்ச்சி எல்லாம் கெடையாது. அதையும் பைபிள்ல தூக்காம வச்சிருக்காங்களே. நான் அந்த நாலு வருஷத்துல பாதி நாள் அத ஒன்னுதான் சொன்னேன்.

எப்ப தெளிஞ்சுச்சுன்னு கேட்டா எனக்கு தேதி தெரியாது. பெருசா ஒன்னும் நடக்கல. ஆனா கொரோனா அப்ப 2020 பிப்ரவரி 15-லேர்ந்து பூசையே இல்லன்னு சொன்னாங்க பாரு, அடுத்த ஞாயிறு போன டேபிள்ல சாச்சு வச்சு யூடியூப்ல பாத்தேன், ஹால் டைல்ஸ்ல முட்டி போட்டேன், அப்ப அந்த பழைய பெஞ்சு, ஃபேன் சத்தம், முன்னாடி உக்கார்ற பாட்டியோட மல்லிப்பூ வாசம் எல்லாம் ஞாபகம் வந்து அழுதுட்டேன். ஒன்னுமே இல்லன்னு நான் நெனச்ச நாலு வருஷமும் அங்கதான் உக்காந்திருந்திருக்கேன்.

அதனால இப்ப முடிவு எடுக்காத. பின்னாடி பெஞ்சுல உக்காரு, பாட வேணாம், தூக்கம் வந்தா தூங்கு. சனிக்கிழம கால் பண்ணுவேன், பூசைக்கு போனியான்னு கேக்க மாட்டேன், சாப்ட்டியான்னுதான் கேப்பேன், நீயா சொன்னா கேட்டுக்குவேன்.

நெத்திலி சம்பல் ஒரு பாட்டில் பண்ணி வச்சிருக்கேன், மெல்பர்ன் வர்றவங்க யாராச்சும் இருந்தா சொல்லு, ஏர்ப்போர்ட்ல விடுவாங்களான்னும் கேட்டு சொல்லு. உன் நீல ஜெபமாலை டிராயர்லயே கெடக்கு, எடுத்துட்டு போகாம விட்டுட்டு போனதுக்கு நான் ஒன்னும் நெனைக்கல. வேணும்னா சம்பலோட சேத்து அனுப்பறேன். வேணாம்னா இங்கயே இருக்கட்டும், தெனம் நான் உருட்டுறேன்.

அம்மா