லண்டன் விலாசம் அடித்த லேபிள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த வர்த்தகக் கட்டுரையை மில்லில் இருந்தபடியே இரண்டு தரம் வாசித்தேன். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியும் அதன் ஏற்றுமதி விழுந்துவிடவில்லை, ஆகவே இலங்கையும் தனக்கு ஒத்துவராத உடன்படிக்கைகளைத் துணிந்து உதறலாம் என்கிறார் எழுதியவர். மொத்தத் தொகைகள் எல்லாம் அதில் இருந்தன. என்னைப் போன்ற ஒருவனின் கணக்குக் கொப்பி இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் சின்னதாக ஒரு மில் வைத்திருக்கிறேன். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், கறிவேப்பிலை என்று வறுத்துத் திரித்த கறித்தூள்தான் முக்கியம். கூடவே ஒடியல் மா, பனங்கட்டி, வடகம். 2012 தொடங்கி, வருடத்தில் மூன்று நான்கு முறை, இன்னொருவருடைய கொள்கலனில் இடம் பிடித்துக் கொழும்பிலிருந்து லண்டனுக்குக் கப்பலில் அனுப்பி வந்தேன். அக்காவின் மகன் லண்டன் ஹரோவில் இருக்கிறான். சரக்கை அவன் எடுத்து, பாதியை லண்டன் கடைகளுக்குக் கொடுப்பான். மற்றப் பாதியைத் தன் வான் வண்டியில் ஏற்றி, வெள்ளி இரவு வேலை முடிந்ததும் டோவர் துறைமுகத்தில் கப்பல் ஏறுவான். விடியப் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இறக்குவான். சில முறை ஜேர்மனிக் கடைகளுக்கும் போவான். ஞாயிறு மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் நிற்பான். கையில் விலைச்சிட்டை ஒன்றைத் தவிர வேறு காகிதம் இல்லை.

அது எப்படிச் சாத்தியமானது என்றால், சரக்கு பிரித்தானியத் துறைமுகத்தில் ஒருமுறை சுங்கம் கழிந்துவிட்டால் முழு ஒன்றியத்துக்கும் கழிந்த கணக்குத்தான். மிளகாய்த்தூளில் பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று அங்கே ஒருமுறை பார்த்தால் சரி, அப்புறம் கிரேக்கம் வரை கொண்டு போகலாம். எங்களுக்கு இது இயற்கை விதி போலப் பழகிவிட்டது. காற்று வீசுகிறது, மழை பெய்கிறது, மருமகனின் வான் பாரிசுக்குப் போகிறது.

2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் விலகச் சொன்னார்கள். 2020 ஜனவரி 31 அன்று விலகியும்விட்டார்கள், ஆனால் அந்த வருட முடிவு வரை பழைய விதியே நடந்தது. டிசம்பர் 24, நத்தாருக்கு முதல் நாள், ஒன்றியத்தோடு வர்த்தக உடன்படிக்கை செய்துகொண்ட செய்தி வந்ததும் மருமகன் வட்ஸ்அப்பில் கூப்பிட்டான்: "மாமா, வரியும் இல்லையாம், கோட்டாவும் இல்லையாம், ஒண்டுக்கும் யோசியாதேங்கோ." நானும் நம்பிப் புதிதாக மூன்று சுருள் லேபிள் அடிக்கக் கொடுத்தேன், ஹரோ விலாசம் போட்டு.

வரி இல்லை என்பது பிரித்தானியாவில் விளைந்த, அல்லது அங்கே போதிய அளவு வேலை செய்யப்பட்ட பொருளுக்கு. பெரிய பையிலிருந்து சின்னப் பைக்கு மாற்றுவதெல்லாம் வேலையாகாது. என்னுடைய தூள் இலங்கைத் தூள். (அதில் போகும் மிளகாயில் எவ்வளவு இந்தியா, எவ்வளவு இங்கத்தையது என்று யாரும் தோண்டாதீர்கள்.) இலங்கைப் பொருளுக்கு ஒன்றியம் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற வரிச்சலுகை கொடுக்கிறதே என்பீர்கள். இங்கிருந்து நேரே போனால் சரி. லண்டனில் சுங்கம் கழித்து, பிரித்துக் கட்டிய சரக்கில் அந்தச் சலுகை ஒட்டாது.

உண்மையில் எங்களை அடித்தது வரிகூட இல்லை, காகிதம்தான். பிரித்தானியப் பக்கம் ஏற்றுமதிப் பிரகடனம், பிரான்ஸ் பக்கம் இறக்குமதிப் பிரகடனம். இரண்டு பக்கத்திலும் முகவர், இரண்டு பக்கத்திலும் பதிவிலக்கம். பிரான்சின் பெறுமதி சேர் வரியை எல்லையிலேயே கணக்குக் காட்ட வேண்டும். மிளகாய்த்தூளை மறுபடி பரிசோதிக்கலாம். உணவுப் பொருளின் லேபிளில் ஒன்றியத்துக்குள் இருக்கும் ஒருவரின் விலாசம் வேண்டும், ஹரோ விலாசம் செல்லாது. அவன் கட்டிக்கொண்டு போகும் சோற்றுப் பார்சலில்கூடக் கோழி இருக்கக் கூடாது. 2021 ஜனவரியில் ஒல்லாந்துத் துறைமுகம் ஒன்றில் பிரித்தானியாவிலிருந்து வந்த லொறிச் சாரதிகளின் சான்ட்விச்சைப் பறித்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள், பார்த்திருப்பீர்கள். நாங்கள் சிரித்தோம். அடுத்த மாதம் முகவர் கூலிக்கான பில் வந்தபோது சிரிப்பு நின்றது. ஒரு வான் சரக்குக்கு இரண்டு பக்கமும் சேர்த்து முந்நூறு பவுணுக்குக் கிட்ட. அந்த ஓட்டத்தில் அவனுக்கு மிஞ்சுவதே அவ்வளவுதான்.

இதே காகிதம்தான் இருபது தொன் கொள்கலனுக்கும். அங்கே ஒரு கிலோவுக்குச் சதக் கணக்கில் வரும். என் மருமகனுக்கு ஒவ்வொரு பைக்கும் வந்து விடிந்தது.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. 2002இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்த பிறகு ஓமந்தை, முகமாலைச் சோதனைச் சாவடிகளில் லொறியை நிறுத்தி மூட்டை இறக்கி ஏற்றியதை மறந்துவிட்டோமா? அங்கே கட்டிய வரியை ஒரு பக்கம் வையுங்கள். இறக்குகூலி, ஏற்றுகூலி, காத்திருந்த நாள், அழுகிய வெங்காயம், இதற்குப் பயந்து லொறி அனுப்பாமலே விட்ட முதலாளி. 2006 ஓகஸ்டில் பாதை மூடியபோது அந்த லொறியும் இல்லை. தெருவுக்குக் குறுக்கே ஒரு தடி போட்டால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் வாசித்து அறியவில்லை. எங்களுக்கு அந்தத் தடியைப் போட்டது மற்றவர்கள். பிரித்தானியா தானே வாக்குப் போட்டு வைத்துக்கொண்டது, அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காதது.

கட்டுரையாளரின் கணக்குக்கு வருகிறேன். பிரித்தானியாவின் மொத்த ஏற்றுமதி கூடியிருக்கிறது என்பது பொய்யில்லை. கூடியது சேவை: வங்கி, சட்டம், கணக்கு, ஆலோசனை. அது டோவரில் வரிசையில் நிற்காது. விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால் பொருள் ஏற்றுமதி 2019ஐ எட்டவில்லை. 2021 ஜனவரியில் ஒன்றியத்துக்கான பொருள் ஏற்றுமதி முந்திய மாதத்தைவிட ஏறக்குறைய 40 சதவீதம் விழுந்தது. அதில் கொரோனாவுக்கும், முன்கூட்டியே சரக்குச் சேர்த்ததற்கும் பங்குண்டு, பிறகு நிமிர்ந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஸ்கொட்லாந்து மீன்காரர்கள் அந்த மாதம் லொறிகளை லண்டனுக்குள் கொண்டுவந்து நிறுத்திச் சண்டை பிடித்தார்கள். உயிரோடு போகவேண்டிய பொருளுக்கு ஒரு நாள் தாமதம் என்ன செய்யும் என்று குருநகரில் நண்டு நிறுப்பவரைக் கேட்டால் சொல்வார்.

லண்டன் பொருளியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2024 முடிவில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இந்த உடன்படிக்கையால் பொருள் ஏற்றுமதி 6.4 சதவீதம் குறைந்தது, ஒன்றியத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஏறத்தாழ 16,400 நிறுவனங்கள் அனுப்புவதையே விட்டுவிட்டன. பெரியவர்கள் சமாளித்துக்கொண்டார்கள், போனவர்கள் சிறியவர்கள். மொத்தத் தொகையில் இவர்கள் தெரியமாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் ஒவ்வொருவரும் விற்றது கொஞ்சம். அரசின் பாதீட்டைக் கணித்துச் சொல்லும் பிரித்தானிய அலுவலகமே, ஒன்றியத்தில் இருந்திருந்தால் வந்திருக்கும் வர்த்தகத்தைவிட நீண்ட காலத்தில் 15 சதவீதம் குறைவாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போடுகிறது.

பதிலுக்குப் புது உடன்படிக்கைகள் வந்தன என்று கட்டுரை சொல்கிறது. வந்தன. 2024 டிசம்பரில் பசிபிக் நாடுகளின் உடன்படிக்கைக்குள் போனார்கள், 2025 ஜூலையில் இந்தியாவோடு கையெழுத்திட்டார்கள். நல்லது. ஆனால் டோவருக்கும் பிரான்சின் கலேக்கும் இடையில் 33 கிலோமீற்றர்தான், தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் இருப்பதைப் போல. பக்கத்து வீட்டோடு வேலி அடைத்துவிட்டுப் பத்தாவது ஊரில் சம்பந்தம் தேடினால் வான் பெற்றோலுக்கே காணாது. இன்றைக்கும் அவர்களுடைய ஏற்றுமதியில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அந்த ஒன்றியத்துக்குத்தானே போகிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இங்கிருந்து நேரே லண்டனுக்கு அனுப்புவதில் எனக்குக் கெடுதல் ஒன்றும் வரவில்லை. 2023 ஜூனிலிருந்து பிரித்தானியா தனக்கென ஒரு சலுகைத் திட்டம் நடத்துகிறது, இலங்கையும் அதில் உண்டு. முடங்கியது லண்டனுக்கு அப்பால் போன பாதி.

இலங்கையைப் பற்றிச் சொன்னால், 2000இலிருந்து நடக்கும் இந்திய உடன்படிக்கையில் எனக்கும் மனக்குறை உண்டு, அது வேறு கடிதம். விலகிப் பார்ப்போம் என்கிறவர்கள், கதவு சாத்தியிருந்த வருடங்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும். 2010 ஓகஸ்டில் போன ஜி.எஸ்.பி. பிளஸ் 2017 மேயில்தான் திரும்பியது. 2015 ஜனவரியிலிருந்து 2016 நடுப்பகுதி வரை எங்கள் மீனை ஒன்றியம் எடுக்கவில்லை. சலுகை ஒரு கையெழுத்தில் திரும்பி வரும். அதற்குள் வேறிடத்தில் வாங்கிப் பழகிய கடைக்காரன் அப்படித் திரும்புவதில்லை.

லாச்சப்பல் கடைக்காரரும் திரும்பவில்லை. கொழும்புப் பெரிய ஏற்றுமதிக்காரர் ஒருவர் நேரே பிரான்சுக்குக் கொள்கலன் இறக்குகிறார், அதில் எடுக்கிறார். அந்தப் பெரியவர் வருடத்தில் இரண்டு தரம் என்னிடமும் தூள் வாங்குகிறார், பை தன்னுடைய பெயரில். விலையைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன். மருமகன் 2022இல் வானை விற்றுவிட்டான்.

அந்த மூன்று சுருள் லேபிளில் ஒன்றரை இன்னும் மேல்தட்டில் கிடக்கிறது. பின்பக்கம் வழுவழுப்பு, பேனா பிடிக்காது, பென்சில் பிடிக்கும். ஒடியல் மா வாங்க வருகிறவர்களுக்கு அதில்தான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
மில்காரர் ஒருவர்,
சுன்னாகம்.