பாப்பாவின் கைகளுக்கு வேலை

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மணிக்கு,

இங்கே அப்பாவும் நானும் நலம். பாப்பா கோட்டுக்கு வெளியே வண்ணம் தீட்டுகிறாள் என்று பள்ளியில் குறை சொன்னதை எழுதி, வீட்டிலும் வண்ணம் தீட்டும் புத்தகம் வாங்கிப் பழக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், கண்ணு. அங்கன்வாடியில் சின்னஞ்சிறு பிள்ளைகளோடே காலம் கழித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: மூன்றரை வயதுக் கையைக் கோட்டுக்குள் நிற்கச் சொல்வது நியாயமன்று. விரல்கள் வசப்படுவதற்குப் பிசைவதும் உருட்டுவதும் கிழிப்பதும் ஒட்டுவதும்தான் வழி. 1837-ல் ஜெர்மனியில் ஃப்ரோபல் தொடங்கிய குழந்தைப் பள்ளியின் முறையிலேயே களிமண்ணுக்கும் காகித மடிப்புக்கும் இடம் இருந்தது.

ஆகவே முதலில் களிமண். உங்கள் பெங்களூரில் பாட்டரி டவுனில் குயவர்கள் இருக்கிறார்கள். மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு பை வாங்கி வரச் சொல். கல்லும் வேரும் பொறுக்கிவிட்டு, சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்து, பழைய சாக்கை விரித்து அவளை உட்காரவைத்துக் கொடுத்துவிடு. நீ பிள்ளையார் செய்து காட்டாதே. காட்டினால், அவள் தன் கையை நிறுத்திவிட்டு உன் கையையே பார்ப்பாள். பிறகு "நீயே செஞ்சு குடு" என்று நீட்டிவிடுவாள். தானாக உருட்டினால் முதலில் பாம்பு வரும், பாம்பைச் சுருட்டினால் முறுக்கு ஆகும், அந்தச் சுருளை மேலே மேலே அடுக்கினால் ஒரு நாள் குடமே எழும்பிவிடும்.

வண்ணத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. நான் அனுப்பிய ஈரோட்டு மஞ்சளை நீரில் குழைத்துத் தாள் முழுவதும் பூசிக் காயவிடு. காய்ந்ததும், ஆப்ப சோடா கரைத்த நீரில் பஞ்சைத் தோய்த்து அவள் கோடு இழுத்தால், இழுத்த இடமெல்லாம் செம்பழுப்பாக மாறும். ஆரத்தி கரைக்கும்போது சுண்ணாம்பு பட்டு மஞ்சள் சிவப்பதும் இதனால்தான் என்றாலும், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து என்பதால் அதைப் பிள்ளையின் பக்கமே கொண்டுவராதே. முற்றிய வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, பீட்ரூட் சாற்றில் தொட்டு அச்சு வைத்தால் ஐந்து இதழ்ப் பூ விழும். உடையில் கறை படியும். அதற்கென்று ஒரு பழைய சட்டையை ஒதுக்கிவிடு.

அவள் மனிதர்களை வரையும்போது ஒரு வட்டம் போட்டு அதிலிருந்தே இரண்டு கால்களை இறக்குகிறாள் என்று எழுதியிருந்தாய். அந்த வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான் வரைவார்கள். உடம்பு பின்னால் தானாக வந்து சேரும். "உடம்பு எங்கே?" என்று கேட்காமல், "இது யாரு, என்ன செய்யறாங்க?" என்று கேட்டுப் பார், அவளிடமிருந்து ஒரு கதையே வரும்.

அடுத்த வாரம் அப்பா வரும்போது திருப்பூர் பனியன் வெட்டுத்துணி ஒரு மூட்டை கொடுத்தனுப்புகிறேன். மைதாப் பசை காய்ச்சி வைத்தால், அவள் கிழித்த காகிதத்தோடு அதையும் அட்டையில் ஒட்டிக்கொள்வாள். மூட்டையில் பொத்தான்கள் கிடந்தால் மட்டும் எடுத்து உயரத்தில் வைத்துவிடு. கையில் கிடைப்பதை மூக்கிலும் வாயிலும் போடுகிற பழக்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை. ஒட்டியவற்றில் ஒன்றை அப்பாவிடமே கொடுத்தனுப்பு, அவள் ஒட்டியபடியே, நீ திருத்தாமல்.

அன்புடன்,
அம்மா