காய்ச்சல் கண்ட தேதியைக் குறித்து வையுங்கள்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெங்கு, எலிக்காய்ச்சல், காலரா போன்ற நோய்கள் எங்கே, எப்போது தலைதூக்கும் என்று வானிலைத் தரவுகளைக் கொண்டு முன்கூட்டியே சொல்லும் பன்னாட்டுக் கூட்டாய்வுகள் பற்றிச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. காவிரிப் படுகைக்கும் அப்படியொரு முன்னறிவிப்பு வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. அது இங்கே பலிக்க வேண்டுமானால், வெளியிலிருந்து வர வேண்டியதைவிட இங்கிருந்து கொடுக்க வேண்டியதுதான் அதிகம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல இடம் தர வேண்டுகிறோம்.

இந்த முறை வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2006 செப்டம்பரிலேயே, கடல் வெப்பத்தையும் செயற்கைக்கோள் காட்டிய பசுமையையும் வைத்து, கிழக்கு ஆப்பிரிக்காவில், கால்நடைகளையும் மனிதரையும் தாக்கும் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வரக்கூடும் என்று நாசா ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். டிசம்பரில் கென்யாவில் நோய் கிளம்பியது. எச்சரிக்கை சரியாக இருந்தும், கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடும் வேலை நோய் பரவத் தொடங்கிய பிறகுதான் நடந்தது. நம் நாட்டிலும் புனேயின் டெங்கு பற்றி இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சோஃபியா யாகோப், ராக்ஸி மேத்யூ கோல் உள்ளிட்டோர் செய்த ஆய்வு 2025 ஜனவரியில் வெளியானது. 27 டிகிரிக்கு மேல் வெப்பம், 60 முதல் 78 சதவீத ஈரப்பதம், சீராகப் பெய்யும் மிதமான மழை மூன்றும் சேர்ந்தால் டெங்கு கூடுகிறது. வாரத்துக்கு 150 மில்லிமீட்டரைத் தாண்டிக் கொட்டினால் முட்டையும் புழுவும் அடித்துச் செல்லப்பட்டுக் குறைகிறது என்றது அது. இரண்டு மாதத்துக்கு மேல் முன்னதாகவே சொல்ல முடியும் என்றும் காட்டியது.

ஆனால் புனேயின் கணக்கை அப்படியே தூக்கி வந்து தஞ்சாவூரில் வைக்க முடியாது. அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மேட்டு நிலம், தண்ணீர் வடிந்து ஓடிவிடும். இங்கே மழை ஐப்பசி, கார்த்திகையில். நாகை, வேதாரண்யம் பக்கம் ஒரே நாளில் 150 மில்லிமீட்டர் பெய்வது அதிசயமில்லை. சமதரையில் பெய்த அந்த மழை எங்கே ஓடும்? கொல்லையில் கிடக்கும் உடைந்த பானையில் உள்ள புழு வழிந்து வெளியேறும்; அடுத்த வாரமே அதே பானையில் புதுத் தண்ணீர் நிற்கும்.

டெங்குக் கணக்கில் எல்லாவற்றுக்கும் அடிப்படை நாள் இடைவெளி. மழை நீர் பட்டு முட்டை பொரிந்து கொசுவாக 7 முதல் 10 நாள். அந்தக் கொசு நோயாளியைக் கடித்தபின் வைரஸ் அதன் உடலில் பெருகி உமிழ்நீருக்கு வர 8 முதல் 12 நாள். அது கடித்த மனிதருக்குக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள். ஒரு சுற்றுக்கே மூன்று முதல் நான்கரை வாரம் ஆகிறது. எண்ணிக்கை கண்ணில் படும்படி உயர இன்னும் ஒரு சுற்றாவது வேண்டும். ஆக, ஐப்பசி நடுவில் பெய்த மழையின் விளைவு மார்கழியில்தான் தெரியும். நோயை முன்னறிவிக்கும் கணினி மாதிரி கற்றுக்கொள்ள வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

இங்கேதான் நம் பதிவேடு காலை வாருகிறது. கூத்தாநல்லூர் பக்கத்துக் கிராமத்தில் ஒருவருக்குத் திங்கட்கிழமை காய்ச்சல் என்று வையுங்கள். இரண்டு நாள் மருந்துக் கடை மாத்திரை. பிறகு உள்ளூர் மருத்துவர். ஆறாம் நாள் பெரிய மருத்துவமனையில் ரத்தம் எடுக்கிறார்கள். டெங்குவைக் கண்டறியும் எலிசா பரிசோதனைத் தட்டில் 96 குழிகள். நாலைந்து ரத்த மாதிரிக்காக ஒரு தட்டை வீணாக்க மாட்டார்கள், போதிய மாதிரி சேரும் வரை காத்திருப்பார்கள். முடிவு வருவது பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ. கணினியில் ஏறுவது அந்தத் தேதி. பல நேரங்களில் ஊரும் மருத்துவமனை இருக்கும் ஊராகிவிடுகிறது. கொசு கடித்தது ஓரிடம், பதிவானது இன்னோரிடம், நடுவே பத்து நாள் பிழை. இப்படிப்பட்ட ஆயிரம் பதிவுகளைக் கொடுத்தால் உலகின் எந்தப் பல்கலைக்கழகத்தாலும் மழைக்கும் காய்ச்சலுக்கும் உள்ள இடைவெளியைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது. புறநோயாளிச் சீட்டு எழுதுபவர் 'காய்ச்சல் எந்தக் கிழமை ஆரம்பிச்சது?' என்று ஒரு கேள்வி கேட்டு எழுதிவிட்டால் போதும். அந்தக் கட்டம் படிவத்தில் இருந்தாலும் நெரிசலில் காலியாகவே போய்விடுகிறது.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். நாகை மாவட்டத்தில் கீழையூரும் உண்டு, கீழ்வேளூரும் உண்டு. ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதும்போது இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். பெயரை நம்பாமல் அரசு கொடுத்துள்ள கிராமக் குறியீட்டு எண்ணைப் பதிய வேண்டும். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானதால், அதற்கு முந்தைய நாகை எண்ணிக்கையையும் பிந்தைய எண்ணிக்கையையும் மாவட்ட அளவில் ஒப்பிடவே கூடாது. எண் இருந்தால் பழையதை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துச் சேர்த்துவிடலாம்.

மழைக் கணக்கிலும் கவனம் வேண்டும். வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. செயற்கைக்கோள் மழைத் தரவின் நாள் உலகப் பொது நேரப்படி, அதாவது நமக்குக் காலை 5.30 முதல் 5.30 வரை. வடகிழக்குப் பருவத்தில் கடலோரத்தில் விடியற்காலை மழை மிகுதி. இரண்டையும் திருத்தாமல் சேர்த்தால் ஒரே மழை இரண்டு தேதியில் நிற்கும். வாரத் தொகையாக மாற்றினால் பிழை குறையும், ஆனால் அறவே போகாது. இன்னொன்று, மழைமானியின் அளவுக் குடுவை. வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் உள்ள மானியில் 1 மில்லிமீட்டர் மழைக்கு 20 மில்லிலிட்டர் நீர் சேரும். குடுவை உடைந்து, 100 சதுர சென்டிமீட்டர் மானிக்குரிய குடுவையை வைத்து அளந்தால் மழை இரட்டிப்பாகப் பதிவாகும். ஞாயிறன்று ஆள் இல்லாமல் '0' என்று எழுதிவிட்டு, திங்களன்று இரண்டு நாள் மழையையும் சேர்த்து எழுதுவது அதைவிட மோசம். அளக்காத நாளை 'அளக்கவில்லை' என்று எழுத வேண்டும். சுழியம் வேறு, வெற்றிடம் வேறு.

வெளிநாட்டுக் கணினி மாதிரிகள் பெரும்பாலும் சறுக்கும் இடம் ஆற்று நீர். இங்கே வயலில் தண்ணீர் நிற்க மழை பெய்ய வேண்டியதில்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்தது மேட்டூர் வழியாக வருகிறது. அணையைத் திறப்பது வழக்கமாக ஜூன் 12. ஆனால் 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். ஒன்பது வார வேறுபாடு! ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு நெல் வயலில் பெருகுவது. நடவு முடிந்து பயிர் மூடுவதற்குள்தான் அதற்குக் கொண்டாட்டம். யூரியா போட்டபின் புழு இன்னும் கூடும். மன்னார்குடி மழையை மட்டும் பார்க்கும் மாதிரிக்கு ஜூலையில் பெருகும் இந்தக் கொசு எங்கிருந்து வந்தது என்றே புரியாது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நோயாளிகள் இந்தியாவில் முதலில் அறியப்பட்டதே 1955இல் வேலூரில்தான். அதற்கான கணக்கில் தமிழ்நாட்டுப் பாசனத்துக்கு இடமில்லை என்றால் எப்படி?

இதற்குத் தரவு இல்லாமல் இல்லை. மேட்டூரிலும் கல்லணையிலும் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பது தினமும் வெளியாகிறது. வெண்ணாறு, காவிரி, கல்லணைக் கால்வாய் எனப் பிரியும் அளவும், முறைப்பாசனத்தில் எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் என்பதும் நீர்வளத் துறையிடம் உண்டு. எந்த வட்டாரத்தில் எத்தனை ஏக்கர் நடவானது என்பது வேளாண் துறையின் வாராந்திர அறிக்கையில் இருக்கிறது. இந்த மூன்றையும் மழையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். அப்போது முன்னறிவிப்பால் ஒரு நேரடிப் பயனும் கிடைக்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும்போது, மண்ணில் மயிர்க்கோடாக விரிசல் தெரியும் வரை காயவிட்டு மறுபடி பாய்ச்சினால், புழு கொசுவாகும் முன் சாகும். குறுவையில் ஒரு பாசன வாய்க்காலுக்குட்பட்ட வயல்கள் எல்லாம் சேர்ந்து செய்தால்தான் பலன். ஒரு வயல் காய்ந்து பக்கத்து வயலில் நீர் நின்றால் கொசு அங்கே போய்விடும். சம்பாவில் அடைமழையின்போது இது நடக்காது. களிமண்ணில் காலடிக் குழிகளில் நிற்கும் நீரே புழுவுக்குப் போதும் என்பதையும் மறக்கக் கூடாது.

வெப்பநிலைத் தரவில் ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய வானிலை மையம் தருவதும் உலக அளவில் பெரிதும் பயன்படுவதுமான ஈரா-5 தரவு, நிலத்தையும் கடலையும் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறது; ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர். நாகப்பட்டினத்தையோ கோடியக்கரையையோ உள்ளடக்கிய கட்டத்தில் பெரும் பங்கு கடல். அங்கே பகல் வெப்பம் குறைந்தும் இரவு வெப்பம் கூடியும் தெரியும். காரைக்கால், நாகப்பட்டினம், அதிராம்பட்டினம் வானிலை நிலையங்களின் அளவைக் கொண்டு அதைத் திருத்திய பிறகே பயன்படுத்த வேண்டும்.

காரைக்காலைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். 2022 ஜூலையில் அங்கே வயிற்றுப்போக்கும் காலராவும் பரவி, புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசர நிலை அறிவித்தது. கிருமிக்கு மாநில எல்லை தெரியாது. ஆனால் தரவில் காரைக்கால் ஒரு கோப்பு, சுற்றியுள்ள மயிலாடுதுறையும் நாகையும் வேறு கோப்பு. படுகைக்கு மாதிரி செய்வோர் நடுவில் ஓட்டை விழுந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது. இரு அரசுகளும் வாராந்திர எண்ணிக்கையை ஒரே வடிவில் கொடுக்க உடன்பட வேண்டும்.

புயல் ஆண்டுகளையும் தனியே பார்க்க வேண்டும். 2018 நவம்பர் 16இல் கஜா வேதாரண்யம் அருகே கரை கடந்தது. மின்சாரமும் சாலையும் அற்றுப்போன வாரங்களில் மருத்துவமனைக்கு வருவோரும் குறைவர், வந்ததைப் பதிவோரும் குறைவர். எண்ணிக்கை இறங்கித் தெரியும். அதை அப்படியே கொடுத்தால் 'புயலடித்தால் காய்ச்சல் குறையும்' என்று கணினி கற்றுக்கொள்ளும்! உண்மையில், வெள்ளம் வடிந்த ஒன்று, இரண்டு வாரங்களில் எலிக்காய்ச்சல் ஏற வேண்டிய காலம் அது. வளைகள் மூழ்கி எலிகள் வரப்புக்கும் வீட்டுக்கும் ஏறும். கால் வெடிப்போடு சேற்றில் நிற்கும் நடவுப் பெண்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும்தான் முதல் ஆபத்து. எந்தெந்த நிலையம் எந்த வாரம் அறிக்கை அனுப்பவில்லை என்ற பட்டியலும் எண்ணிக்கையோடு சேர்ந்து போக வேண்டும்.

தரவு கொடுப்பது என்றாலே நோயாளிகளின் பெயர் வெளிநாட்டுக்குப் போகும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் இந்த வேலைக்குப் பெயரோ ஆதார் எண்ணோ செல்பேசி எண்ணோ தேவையே இல்லை. வட்டாரம், வாரம், நோய், வயதுப் பிரிவு, எண்ணிக்கை போதும். ஒரு கிராமத்தில் இரண்டு பேர் என்றால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், 5க்குக் குறைந்தால் வட்டாரத்தோடு சேர்த்துவிட வேண்டும். மருத்துவ ஆய்வில் வெளிநாட்டுக் கூட்டுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழியாக மத்திய அரசின் ஒப்புதல் பெறும் நடைமுறை ஏற்கெனவே உள்ளது. ஒப்பந்தத்தில் நாம் வலியுறுத்த வேண்டியது வேறொன்று: மாதிரி இங்குள்ள கணினியில், இங்குள்ளோர் கையால் ஓட வேண்டும். ஆய்வுக் கட்டுரை வெளியாகி, நிதி முடிந்து, அவர்கள் கிளம்பியபின் அணைந்துபோகும் முன்னறிவிப்பு நமக்கு வேண்டாம். புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் பக்கத்திலேயே இருக்கிறது. பொறுப்பை அதனிடம் வைக்கலாம்.

கடைசியாக, எச்சரிக்கை வந்தால் யார் என்ன செய்வது என்பதை முன்பே எழுதி வைக்க வேண்டும். வானிலைத் துறை வியாழன்தோறும் நான்கு வாரத்துக்கான நீட்டித்த முன்னறிவிப்பு தருகிறது. அதை ஒட்டி வெள்ளிக்கிழமை வட்டார நோய் எச்சரிக்கை வந்தால், திங்கள் முதல் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் எந்த ஊருக்குப் போவது என்று முடிவாகிவிடும். சிமென்ட் தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், தேங்காய் நாரால் தேய்த்தால்தான் போகும். செய்த வேலையைத் தேதியோடு பதிய வேண்டும். எச்சரித்தபின் தொட்டிகளைச் சுத்தம் செய்து டெங்கு வராமல் போனால், அந்தப் பதிவு இல்லாத கணினிக்குத் தன் கணிப்பு பொய்த்ததாகத்தான் தோன்றும்.

அடுத்த வடகிழக்குப் பருவத்துக்குள் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் ஒவ்வொன்றிலும் இரண்டு வட்டாரங்களிலாவது, புறநோயாளிச் சீட்டில் காய்ச்சல் தொடங்கிய தேதியையும் கிராம எண்ணையும் எழுதும் பழக்கத்தைத் தொடங்குமாறு பொதுச் சுகாதாரத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம். அதற்குப் புதுக் கருவியோ தனி நிதியோ தேவையில்லை.

இப்படிக்கு,
நோய்க் கண்காணிப்பிலும் வானிலைத் தரவுப் பணியிலும் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
மன்னார்குடி.