பல் நின்றுவிட்டது: செங்கோட்டையிலிருந்து ஒரு நன்றி

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, புனலூர்ப் பக்கத்துச் சொந்தங்களுக்கு,

நாயனம் (நாதஸ்வரம்) ஊதுகிற எனக்கு முன்பல் உடைந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். பல் நின்றுவிட்டது. நேற்று ஒரு வர்ணம் முழுசாக வாசித்தேன், காற்று ஒழுகவில்லை.

பிடுங்குவதுதான் வழி என்று முதலில் போன இடத்தில் சொன்னார்கள். புனலூர் டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, ஈறுக்கு வெளியே சுற்றிலும் 2 மில்லிமீட்டர் நல்ல பல் மிஞ்சியிருக்கிறது, மேலே மாட்டும் உறையான கேப் கவ்விப் பிடிக்க அது போதும் என்றார். வேர் சிகிச்சை முடித்து, வேருக்குள் ஃபைபர் போஸ்ட் என்ற நாரிழைக் குச்சியை இறக்கி ஒட்டினார். போஸ்ட் பல்லுக்குப் பலம் தராதாம். மேலே கட்டுவது கழன்று வராமல் பிடித்துக்கொள்ள மட்டும்தானாம். உலோகக் கம்பி மாதிரி விறைக்காமல் பல்லோடு கொஞ்சம் வளைந்துகொடுப்பதால் வேர் பிளக்கும் பயமும் குறைவு.

ஆனால் இந்த மடல் முக்கியமாக அங்கே உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கு. தற்காலிக கேப் மாட்டியாயிற்று, கண்ணாடியில் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. எனக்கே தோன்றாததை அவள் கேட்டாள்: "அண்ணாச்சி, சிரிக்க இது சரி. ஊதுறதுக்கு?"

அடுத்த தடவை நாயனத்தோடு வரச் சொன்னாள். உள்ளே கூட்டம். மாடிப்படியில் நின்று, நாயனத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியை நனைத்து ஊதினேன். மேல்ஸ்தாயிக்குப் போய் உதட்டை அழுத்தியதும் பல்லின் விளிம்பு உள்ளுதட்டில் குத்தியது. உதட்டில் பதிந்த தடத்தைப் பார்த்தவள், உடனே போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். ஒரு மயிரிழை தேய்த்தார், ஊதச் சொன்னார், மறுபடி தேய்த்தார். தோடி ராகம் ஒழுங்காக வந்தபோது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தொடையில் தாளம் போட்டார்! அந்த வடிவத்தையே அச்செடுத்து நிரந்தர கேப்புக்கு லேபுக்கு அனுப்பினார்கள்.

எனக்குப் பதிலாக முகூர்த்தங்களுக்கு வாசித்துவிட்டுச் சம்பளத்தை என் வீட்டில் கொடுத்துப் போன செட்டுக்காரர்கள், கணவாய் வழியே கூட்டிப்போன ஆட்டோத் தம்பி, கஞ்சியாகவே காய்ச்சிச் சலித்த என் வீட்டுக்காரி, எல்லாருக்கும் நன்றி.

முறுக்கு, கரும்பு இனி முன்பல் பக்கம் வராது. சீவாளி நூலைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கத்தையும் விட்டாயிற்று. பையன் கையில் இடுக்கி கொடுத்திருக்கிறேன்.

மார்கழியில் ஆரியங்காவு ஐயன் திருக்கல்யாணத்துக்கு வாசிக்க வருகிறேன். தங்கச்சி, டாக்டரம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. தோடிதான்.