நம் ஊர்க் கபடிக் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26

தலைவர் அவர்களே, கமிட்டி உறுப்பினர்களே, ஊர்ப் பெரியவர்களே, ஆட்டக்காரத் தம்பிகளே, இந்த ஆண்டு முதன்முறையாக உறுப்பினர் அட்டை வாங்கியிருக்கும் தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை நடந்தவற்றின் அறிக்கை இது. வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் தனியே படிப்பார். போன பொதுக்குழுவில் விடிய விடிய ஓடிய சண்டை எல்லோருக்கும் நினைவிருக்கும்: பயிற்சியாளரை வைத்துக்கொள்வதா மாற்றுவதா, வெளியூர் ஆட்டக்காரருக்கு எவ்வளவு கொடுப்பது, அணியை யார் எடுப்பது. இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான். எத்தனை கோப்பை வந்தது என்பதை அலமாரியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

ஆடுகளம்

பழைய களம் வெறும் கடல் மணல். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மேல் மண் பறந்து, போட்ட கோடு அரை மணி நேரம் நிற்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் ஆள் கிடைத்ததால், அரையடி ஆழத்துக்கு மணலை வழித்தெடுத்துவிட்டு, மூன்று பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு மணல் என்று கலந்து நிரப்பினோம். செம்மண் கூடினால் காய்ந்ததும் சிமென்ட் தரை மாதிரி இறுகி முழங்கால் தோலை உரித்துவிடும். மணல் கூடினால் கார்னரில், அதாவது தடுப்பு வரிசையின் ஓரத்தில், நிற்பவர் காலை ஊன்றிப் பாயும்போது வழுக்கும். மண்ணைக் காயவிட்டு, பழைய நெத்திலி வலையை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சலித்தோம். சிப்பி ஓடும் சங்குச் சில்லும் சாக்குக் கணக்கில் வந்தன. இத்தனை நாள் முழங்கையைக் கிழித்துக்கொண்டிருந்தவை அவைதான்.

கடல் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துத் தெளித்தால் லாரித் தண்ணீர்ச் செலவு மிச்சம் என்று ஒரு யோசனை வந்தது. ஒரு மூலையில் மட்டும் தெளித்துப் பார்த்தோம். காய்ந்ததும் உப்புப் பூத்துப் பொருக்குத் தட்டியது. சிராய்ப்பில் அந்த உப்பு பட்டால் எவனும் ரெய்டுக்கு, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போக, இறங்கமாட்டான். யோசனை அதோடு முடிந்தது. கோடு போடச் சுண்ணாம்புத் தூளும் இனி வேண்டாம், வியர்வையோடு கண்ணில் பட்டால் எரித்துவிடும். கோலமாவு போதும். நைலான் கயிற்றை ஆணியடித்துக் கோடாக வைப்பதையும் நிறுத்தியாயிற்று. அதில் கால் விரல் மாட்டிக்கொள்கிறது.

அளவு பற்றி இன்னும் சிலர் வாதாடுவதால் எழுத்தில் பதிகிறேன். ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், இரண்டு பக்க லாபியும் (ஓரப் பட்டையும்) சேர்த்து 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து, ரெய்டர் தாண்ட வேண்டிய பாக் லைன் 3.75 மீட்டர், அங்கிருந்து போனஸ் கோடு 1 மீட்டர். பெண்களுக்கும் ஜூனியருக்கும் 12 க்கு 8, பாக் லைன் 3 மீட்டரில்.

டிவி முன்னால் நடந்த சண்டை

புரோ கபடி 12 ஆவது சீசன் ஆகஸ்ட் 29 முதல் அக்டோபர் 31 வரை நடந்தது. கழகக் கட்டடத்தில் ஆட்டம் பார்த்ததைவிடத் தமிழ்நாட்டு அணியான தமிழ் தலைவாஸ் நிர்வாகத்தைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். அந்தப் பேச்சைக் கமிட்டி வீண் என்று நினைக்கவில்லை. நம் கழகத்தின் மூன்று முடிவுகள் அதிலிருந்து பிறந்தவை.

ஏலத்தில் ஓர் அணி மொத்தமாகச் செலவழிக்கக்கூடிய தொகை 5 கோடி. தலைவாஸ் அர்ஜுன் தேஷ்வாலை 1.405 கோடிக்கும் பவன் செராவத்தை 59.5 லட்சத்துக்கும் எடுத்தது. கூட்டிப் பார்த்தால் சரியாக 2 கோடி, அதாவது நூற்றுக்கு நாற்பது, இரண்டே ரெய்டர்கள் மேல். ரெய்டர் இல்லாமல் பாயின்ட் ஏது என்று ஒரு கட்சி. மீதி அறுபதில் கார்னர், கவர் (கார்னருக்கு உள்பக்கம் நின்று பிடிப்பவர்), மாற்று ஆட்டக்காரர் எல்லோரையும் எப்படி அடக்குவது என்று இன்னொரு கட்சி. சீசன் தொடங்கிக் கொஞ்ச நாளில், கேப்டனாக இருந்த பவனை ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பியது. அவர் அதை மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்று நாம் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் சீசன் நடுவில் ஒரு பெரிய ஆள் போனால் அந்த இடத்துக்கு யார் என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில் வேண்டும் என்பதில் இரண்டு கட்சிக்கும் சம்மதம்.

அதற்குப் பழைய சான்றும் உண்டு. 2022 இல் இதே அணி பவனை 2.26 கோடிக்கு எடுத்து, முதல் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டு அவர் சீசன் முழுக்க உட்கார்ந்துவிட்டார். புதுப்பையனாக வந்த நரேந்தர் கண்டோலா 243 ரெய்டு பாயின்ட் எடுத்து அணியை முதன்முறையாக அரையிறுதிக்குக் கொண்டுபோனார். “கோடியைக் கொட்டினால் போதும்” என்பவர்களுக்கு இந்தக் கணக்குதான் பதில்.

பயிற்சியாளரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதத்துக்கும் தலைவாஸே இரண்டு பக்கமும் சாட்சி. 2019 இல் சீசன் நடுவில் பாஸ்கரன் விலகி உதயகுமார் வந்தார், அணி கடைசி இடத்தில் முடிந்தது. 2022 இல் நடுவில் உதயகுமார் போய் ஆஷன் குமார் வந்தார், அணி அரையிறுதி ஆடியது. அதே ஆஷன் குமார் அடுத்த சீசனும் இருந்தார், பிளே ஆஃப் கூடக் கிடைக்கவில்லை. ஆகவே மாற்று என்பதற்கும் மாற்றாதே என்பதற்கும் இதை ஆதாரமாக யாரும் இனிக் கமிட்டியில் காட்ட வேண்டாம்.

நம் பயிற்சியாளரும் அந்த அரையிறுதியும்

பக்கத்து ஊர் மின்னொளிப் போட்டி அரையிறுதியில் நம் பயிற்சியாளர் எடுத்த முடிவு பற்றி வந்த புகார் கடிதங்கள் கோப்பில் உள்ளன. கடைசி மூன்று நிமிடம், நாம் இரண்டு பாயின்ட் முன்னால். களத்தில் நம் ஆள் மூன்று பேர், வெளியே நான்கு பேர். முதன்மை ரெய்டர் அந்த நால்வரில் கடைசியாக அவுட்டானவர். களத்தில் இருந்த தம்பியைப் பயிற்சியாளர் இரண்டு ரெய்டு சும்மா போய்த் திரும்பி வரச் சொன்னார். “போனஸ் எடுக்கச் சொல்லியிருந்தால் நம்ம ஆள் உள்ளே வந்திருப்பான்” என்பதுதான் புகாரின் சாரம்.

விதியைப் பார்ப்போம். வெளியே போனவர்கள் போன வரிசையில்தான் திரும்ப வருவார்கள். முதன்மை ரெய்டர் உள்ளே வர நான்கு ஆளை உயிர்ப்பிக்க வேண்டும். போனஸ் கோட்டைத் தாண்டினால் கிடைக்கும் போனஸ் பாயின்ட் யாரையும் உயிர்ப்பிக்காது. மூன்று பேர் அல்லது அதற்குக் குறைவாக நின்று பிடிக்கும் சூப்பர் டாக்கிளில் பாயின்ட் இரண்டு, உள்ளே வருவது ஒருவர். எதிரணிக்கும், நம் பக்கம் ஆறு பேருக்குக் குறைவாக இருந்ததால், போனஸ் கிடையாது. தொட்டால்தான் உண்டு. நேரத்தை ஓட்டிவிட்டுச் சூப்பர் டாக்கிளுக்குக் காத்திருந்தது தப்பான கணக்கு இல்லை. மூன்றாவது ரெய்டு டூ ஆர் டை, பாயின்ட் எடுக்காவிட்டால் அவுட்; அதில் தம்பி மாட்டிக்கொண்டார். அடுத்து இரண்டு பேர் தொடப்பட்டு ஆல் அவுட் ஆனோம். ஆட்டம் போனது உண்மை.

போனது எங்கே என்று குறிப்பு நோட்டு வேறு கதை சொல்கிறது. அந்த ஆட்டத்தில் நம் ரைட் கவர், கார்னர் காலைப் பிடிப்பதற்கு முன்பே டேஷ் கொடுக்க (மோதித் தள்ள) போய் மூன்று முறை ஆளைத் தவறவிட்டிருக்கிறார். கவர் முந்தினால் கார்னருக்கும் அவருக்கும் நடுவே ஒரு ஆள் திரும்ப இடம் விழுகிறது. ரெய்டர் அந்த வழியாக நடுக்கோட்டுக்கு வந்துவிடுவார். கார்னர் கணுக்காலைப் பிடித்து, ரெய்டர் மறுகாலில் நிற்கும் அந்த நொடியில்தான் கவர் பாய வேண்டும். நான்கு பேர் வெளியே போனதற்கு இதுவே காரணம். கடைசி மூன்று நிமிடத்தைத் திட்டுவது சுலபம், முதல் பாதியைப் படிப்பதுதான் கஷ்டம்.

கவரும் கார்னரும் சேர்ந்து பழகாததற்கும் காரணம் இருக்கிறது. விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும்; நாட்டுப்படகு மற்ற நாட்களில். ஒருவர் கரையில் இருக்கும்போது மற்றவர் கடலில். அதனால் டிசம்பரிலிருந்து கார்னர்–கவர் ஜோடியை ஒரே வகைப் படகுக்காரர்களாகப் பார்த்து அமைத்தோம். இடது பக்க ஜோடி விசைப்படகு, வலது பக்க ஜோடி நாட்டுப்படகு. ஜோடிப் பயிற்சி தனித்தனி மாலைகளில், ஏழு பேரும் சேர்ந்த பயிற்சி இரு தரப்பும் கரையில் நிற்கும் நாட்களில் மட்டும். யோசனை பயிற்சியாளருடையது. புகார் எழுதியவர்களும் அதைப் பாராட்டியதைப் பதிவு செய்கிறேன்.

கமிட்டி எடுத்த முடிவு: பன்னிரண்டு பேர் பட்டியலைப் பயிற்சியாளரும் கேப்டனும் சேர்ந்து போட்டிக்கு முந்தைய நாள் தருவார்கள். இறங்கும் ஏழு பேரும் மாற்றும் பயிற்சியாளர் பொறுப்பு. ஆட்டம் நடக்கும்போது கமிட்டியிலிருந்து யாரும் கோட்டோரம் நின்று குரல் கொடுக்கக் கூடாது. கேள்வியெல்லாம் மறுநாள், நோட்டை வைத்துக்கொண்டு. ஒவ்வொரு ரெய்டுக்கும் நோட்டில் ஒரு வரி: யார் போனார், எதிரே எத்தனை பேர், தொட்டாரா, போனஸா, சும்மாவா, மாட்டினாரா, பிடித்தது யார்.

வெளியூர் ஆட்டக்காரர் ஒப்பந்தம்

வாய்ப்பேச்சில் ஆள் கூப்பிடுவதால்தான் தகராறு. மே மாதம் தடைக்காலம் என்பதால் ஊருக்கு ஊர் போட்டி. ஒரே ஆள் இரண்டு அணிக்குச் சொல்லிவிட்டு, அதிகம் கொடுத்தவர் பக்கம் போவார். ஒரே போட்டியில் இரண்டு அணியில் பெயர் இருந்தால் நுழைவுக் கட்டணமும் போச்சு, ஆட்டமும் போச்சு. இப்போது ஒரு பக்கத் தாள் ஒப்பந்தம் போடுகிறோம். போட்டித் தேதி, எத்தனை நாள், பேட்டா, பயணம், சாப்பாடு, ஆதார் நகல் எல்லாம் அதில் இருக்கும். பாதித் தொகை வந்து சேர்ந்ததும், மீதி கடைசி ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும். “ஜெயித்தால் மேலே பார்த்துக்கலாம்” என்று யாரும் சொல்லக் கூடாது. அந்த “பார்த்துக்கலாம்”தான் விடியற்காலைச் சண்டை.

எடைப் பிரிவுப் போட்டிக்குக் கையெழுத்துப் போடும் அன்றே எடை பார்ப்போம். வரம்புக்கு மேல் ஒரு கிலோவுக்கு மேல் இருந்தால் எடுப்பதில்லை. இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் எடையைக் குறைத்து வருகிறவர், இரண்டாம் பாதியில் கெண்டைக்கால் பிடித்து உட்கார்ந்துவிடுகிறார்.

ஏழு பேரில் வெளியூர்க்காரர் இரண்டுக்கு மேல் இல்லை. இரண்டு கார்னரும் உள்ளூர். பரிசுத் தொகையில் வெளியூர்க்காரர் பங்கு மொத்தமாக நூற்றுக்கு முப்பதுக்கு மேல் போகக் கூடாது. நாற்பதா முப்பதா என்று நீண்ட வாதம் நடந்தது. தலைவாஸ் கணக்கை எடுத்துக்காட்டிய உறுப்பினருக்கு நன்றி.

அடிபட்டால் போட்டி நாளின் முதல் சிகிச்சைச் செலவு கழகத்துடையது, உள்ளூரோ வெளியூரோ. வருடம் 20 ரூபாய் பிரதமர் விபத்துக் காப்பீடு இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். விபத்தில் இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம், அவ்வளவுதான். தசைநார் கிழிந்ததற்கோ தோள் நழுவியதற்கோ ஆன மருத்துவச் செலவை அது தராது. இருந்தாலும் 18 வயதான எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள். மே மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் பணம் இல்லாவிட்டால் ஜூன் 1 முதல் பாதுகாப்பு நின்றுவிடும். தோள் நழுவினால் களத்தில் யாரும் இழுத்துப் பார்க்காதீர்கள். துண்டில் கையைத் தொங்கவிட்டு நேராக ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு.

பெண்கள் அணி

அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி தங்கம் வென்றபோது, துணைக் கேப்டன் கண்ணகி நகர் கார்த்திகா. ஆண்கள் தங்க அணியில் வடுவூர் அபினேஷ். அடுத்த வாரமே நம் ஊர்ப் பிள்ளைகள் பெயர் கொடுக்க வந்தார்கள். 12 க்கு 8 களம் போட்டுத் தந்தோம். பயிற்சி மாலை நாலரைக்குத் தொடங்கி விளக்கு வைப்பதற்குள் முடியும். உடை மாற்ற அறை இன்னும் இல்லை. அது குறைதான்.

இன்று பொதுக்குழு முடிவுக்கு வருபவை

பயிற்சியாளரோடு இரண்டு சீசனுக்கு எழுத்து ஒப்பந்தம், நடுவில் நீக்குவதானால் பொதுக்குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்ற நிபந்தனையோடு. வெளியூர் ஆட்டக்காரர் ஒப்பந்தத் தாளைக் கழக விதிகளோடு சேர்ப்பது. பெண்கள் அறைக்குத் தகரக் கொட்டகை. குறிப்பு நோட்டு எழுத இரண்டு பேர், ஆட்டக்காரராக இல்லாதவர்கள், கையெழுத்து புரிகிற மாதிரி இருக்க வேண்டும்.

புதிய சீசனுக்குப் பெயர் கொடுப்பவர்கள் எடையும் படகு வகையும் சேர்த்து எழுதித் தர வேண்டும். தடை முடிந்து படகு இறங்கும் முன், ஜூன் 14 க்குள்.

இப்படிக்கு,
செயலாளர்