உரம் இப்போதைக்கு வேண்டாம், பாப்பா

டிக்கோயா

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். மழைக்கு உங்கம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி சுகம்தான்.

ஆனைக்கொய்யாக் (அவகாடோ) கன்றுகளுக்கு உரம் வாங்க நீ அனுப்பிய காசு வந்தது. உரம் வாங்கவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "யூடியூபில் பார்த்தேன்பா" என்று ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வீடியோ கோலில் பார்த்துப் பயந்தாயே, அந்தச் சிவப்பு இலை நோயில்லை. ஆனைக்கொய்யா துளிர்க்கும்போது அப்படித்தான் துளிர்க்கும். செப்பு நிறத்தில், மெழுகு பூசின பளபளப்போடு, காம்பில் பலமில்லாமல் தலைகீழாகத் தொங்கும். கொஞ்ச நாளில் தானாக விறைத்துப் பச்சையாகிவிடும். கீழ் இலைகளில் நுனி கருகியிருப்பது வேறு விஷயம். அது பங்குனி வெயிலும் காற்றும் செய்த வேலை. அதற்கு உர மூட்டையை அவிழ்த்தால் கருகல் கூடுமே தவிரக் குறையாது. கூடுதலாகப் போட்ட உரத்தின் உப்பு கடைசியில் இலை நுனியில்தான் போய்ச் சேரும்.

இந்தக் கன்றுக்கு எமன் எங்கே இருக்கிறான் தெரியுமா? வேரில். தண்ணீர் தேங்கின மண்ணில் வேரழுகல் வந்துவிடும். அப்போது இலை சிறுத்து, வெளிறி, வாடிப்போய் நிற்கும். பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர் பத்தாமல் வாடுகிற மாதிரித் தெரியும். உடனே ஒரு வாளி ஊற்றுவார்கள், அத்தோடு முடிந்தது கதை. மே மாதம் பிடித்த மழை செப்டெம்பர் வரைக்கும் விடாத ஊரில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விவசாயப் போதனாசிரியரும் வந்து பார்த்துவிட்டு இதையே சொன்னார்.

அதனால் 2 அடிக் குழி வெட்டி மக்கின சாணமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, அதற்கு மேலே ஒரு மேடு எழுப்பித்தான் கன்றை வைத்தோம். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு நன்றாக மேலே நிற்கிறது. மேட்டுக்கு மேல்பக்கம் சாய்வாகத் தண்ணீர் வடிய ஒரு கான் வெட்டச் சொன்னது உங்கம்மா. முப்பது வருசம் கொழுந்து பறித்தவளுக்கு மலையில் தண்ணீர் எப்படி இறங்கும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போன வாரம் பேய் மழை. கானில் தண்ணீர் கலங்கி ஓடுகிறது, மேட்டில் விரலை விட்டுப் பார்த்தால் மண் பொலபொலவென்று இருக்கிறது.

தேயிலைப் பழக்கத்தில் அவள் செய்யப் பார்த்த ஒன்றைத்தான் நான் மறித்தேன். அடியைச் சுத்தமாகச் செதுக்கி, இரும்பு முள்ளைக் குத்தி மண்ணைக் கிளறலாம் என்றாள். வேண்டாம் என்றேன். இதற்குச் சாப்பாடு எடுக்கிற வேரெல்லாம் மேலே அரை அடி மண்ணுக்குள்தான் பரவியிருக்கும். முள்ளைப் போட்டால் அத்தனையும் அறுந்துவிடும். இப்போது மானாப் புல்லை வெட்டி அடியில் கனமாகப் பரப்பியிருக்கிறோம், தண்டில் முட்டாமல் ஒரு சாண் தள்ளி. புல் மக்குவதே இப்போதைக்குப் போதுமான சாப்பாடு. மழை குறைந்த பிறகு கொஞ்சம் மாட்டெரு போடுவேன். தை, மாசியில் மழை இல்லாவிட்டால் மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவேன். அவ்வளவுதான்.

மாப்பிள்ளை உச்சியை வெட்டச் சொன்னாராம். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவதை நினைத்துச் சொல்லியிருப்பார், பாவம். இதற்கு வேண்டாம். கிளையும் இலையும் நிறைய இருந்தால்தான் இளந்தண்டில் வெயில் சுடாது. ஒட்டுக்குக் கீழே முளைக்கிறதை மட்டும் நகத்தால் கிள்ளி எறிகிறேன். அதை விட்டால் ஒட்டை அமுக்கிவிட்டு அது மரமாகிவிடும்.

மூன்று கன்றில் ஒன்றைப் பக்கத்து வீட்டுச் சித்திக்குக் கொடுத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நமக்கு இருப்பது 7 பேர்ச் நிலம், அதில் வீடும் இருக்கிறது. இந்த மரத்துக்கு 25, 30 அடி இடைவெளி வேண்டும். அதோடு அதன் பூவில் ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒரே பூ இரண்டு தடவை விரியும். முதல் தடவை பெண்ணாக, மூடிக்கொண்டு மறுநாள் ஆணாக. நம்முடைய ஹாஸ் ரகத்தின் பூ காலையில் பெண், மறுநாள் பின்னேரம் ஆண். சித்திக்குக் கொடுத்த ஃபுவெர்ட்டே ரகம் அதற்கு எதிர்மாறு. இரண்டும் பக்கத்தில் இருந்தால் தேனீ ஒன்றின் மகரந்தத்தை மற்றதற்குக் கொண்டுபோகும். குளிர் ஊரில் இந்த நேரக்கணக்கு குழம்பித் தனிமரமும் காய்ப்பதுண்டு. ஆனாலும் வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு ஃபுவெர்ட்டே நிற்பது நமக்கும் நல்லதுதானே.

ஹாஸ் மேல் எனக்குத் தனி மரியாதை வேறு. அதைக் கலிபோர்னியாவில் வளர்த்த ரூடால்ஃப் ஹாஸ் ஒரு தபால்காரர். எங்கேயோ வாங்கின விதையில் தற்செயலாய் முளைத்த ஒரு மரம், 1935இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார். தோட்டத்துக்குத் தபால் சுமந்த எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து உங்கம்மாவிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது.

சித்தியிடம் ஆட்டைக் கட்டிவைக்கச் சொல்லியிருக்கிறேன். கன்றைக் காப்பாற்ற மட்டுமில்லை. இந்த இலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் நஞ்சு, மடி வீங்கிப் பால் வற்றிவிடும். கூடுதலாகத் தின்றால் இதயத்தையே பாதிக்கும். நாளைக்குக் கிளை வெட்டினாலும் தழையாக யாருக்கும் கொடுக்கக்கூடாது.

பேரன் போத்தலில் ஈர்க்குக் குத்தி வைத்திருக்கிற கொட்டை வேர் விட்டுவிட்டதாகச் சொன்னாய். சந்தோசம். தட்டையான பக்கம் தண்ணீரில் இருந்தால் சரி. நாலு இலை வந்ததும் மண்ணுக்கு மாற்றச் சொல். ஆனால் விதைக்கன்று தாய்மரத்தின் பழத்தையே தரும் என்று சொல்லி அவனை ஏமாற்றாதே. காய்க்கவும் ஏழெட்டு வருசமோ அதற்கு மேலோ ஆகும். ஒட்டு என்றால் மூன்று, நான்கு வருசத்தில் பார்க்கலாம். அதற்கு முன்னால் பூத்துப் பிஞ்சு பிடித்தால் கிள்ளிவிடுவேன், அப்போது போன் போட்டு அழக்கூடாது.

உன் காசு அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. ராத்திரியில் காட்டுப்பன்றி வந்து மானாப் புல்லுக்குக் கீழே புழு தேடிக் கிளறுகிறது. அதற்குக் கம்பி வலை வேண்டும். ஹட்டனில் கேட்டேன், விலை கூடச் சொல்கிறார்கள். கொழும்பில் விசாரித்து, 4 அடி உயரத்தில் மூன்று கன்றுக்கும் போதுமான அளவு, சித்தியுடையதையும் சேர்த்துத்தான், வரும்போது எடுத்து வா. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா