வெள்ளைத் தாய்க்குப் பழுப்புக் குட்டி

அன்புள்ள மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தை ஃபோனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பத்து நாள் எலிக்குட்டிகள், இன்னும் கண் திறக்கவில்லை, அப்போதுதான் ரோமம் முளைத்திருக்கிறது. நாலு வெள்ளை, மூன்று பழுப்பு. கூண்டு அட்டையில் பால்ப்-சி என்று உன் கையெழுத்து, வெள்ளையாக மட்டுமே பிறக்க வேண்டிய ஆய்வக எலி. "சீனியர் பழுப்பை மட்டும் எடுத்துவிட்டு வேலையைத் தொடரச் சொல்கிறார், சரியாம்மா?" என்று கேட்டிருக்கிறாய். சரியில்லை. ஏன் என்பதை ஃபோனில் சொன்னால் பாதிதான் உன் காதில் ஏறும் என்பதால் எழுதுகிறேன்.

பால்ப்-சியின் வெள்ளை ஒரு முக்காடு. நிறமி செய்யும் வேலை அதன் உடம்பில் நின்றுபோயிருக்கிறது, அவ்வளவுதான். அடியில், ஒவ்வொரு மயிரிலும் பட்டை போட்டு வீட்டெலியைப் பழுப்பாகக் காட்டும் மரபணு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. உன் அறையில் இருக்கும் இன்னொரு ஸ்ட்ரெயின், அதாவது ஒரே மாதிரியாக வளர்த்தெடுத்த எலி வம்சம், பிளாக் சிக்ஸ். அந்தக் கறுப்பு ஆண் இந்த வெள்ளையோடு சேர்ந்தால் நிறமி அவனிடமிருந்து வரும், பட்டை இவளிடமிருந்து வரும்; பிறப்பது கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. சுவரோரம் ஓடும் சாதாரண எலியின் பழுப்பு. படத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு நொடியில் புரிந்தது அது.

என்னைத் தூங்கவிடாதது அந்த நாலு வெள்ளைதான். அப்பன் சுத்தமான கறுப்பு என்றால் அவனுக்குப் பிறந்தது எல்லாமே நிறத்தோடு இருக்க வேண்டும். ஆக, ஒன்று, ஒரே ஈற்றில் இரண்டு அப்பன்கள்; எலிகளில் அது நடக்கும், வெள்ளைகளை உன் வெள்ளை ஆணுக்குப் பிறந்தவை என்று வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அப்பனே ஒரு கலப்பு. அறையில் யாராவது இரண்டு ஸ்ட்ரெயினையும் சேர்த்த கலப்பின எலிகளை வைத்திருக்கிறார்களா என்று விசாரி. அப்படி ஒருவன் புகுந்திருந்தால் அவன் குட்டிகளில் பாதி வெள்ளையாகத்தான் பிறக்கும். வெளியே பார்க்க பால்ப்-சி, உள்ளே வேறு ஆளின் கலப்பு. உன் சீனியர் சொன்னபடி பழுப்பைத் தூக்கிப் போட்டால், கையில் இருக்கும் ஒரே சாட்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு, திருடனை வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறாய்.

முதலில் நாளைக் கணக்குப் போடு. குட்டிக்குப் பத்து நாள், சினைக்காலம் 19 முதல் 21 நாள். சுமார் முப்பது நாளுக்கு முன்னால் அந்தத் தாய் எங்கே இருந்தாள்? அப்போது முந்தின ஈற்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் என்றால் சில நாள் கூடுதலாகத் தள்ளிப் பார். அந்த வாரத்தில் யார் கூண்டு மாற்றினார்கள், எது கீழே விழுந்தது, எந்த மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தது என்று பேரேட்டில் தேடு. பேரேட்டில் ஒன்றும் இல்லையென்றால் அதுதான் பெரிய கவலை.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நான் எலி அறையில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், சாயங்காலம் தரையில் ஒரு கறுப்பு எலியைப் பிடித்தேன். ரேக்கில் ஒரு கூண்டில் ஒன்று குறைந்தது. போட்டேன், கணக்கு சரியாகிவிட்டது, கதவைப் பூட்டினேன். தரையில் கிடைத்த எலி கூண்டுக்குத் திரும்பக் கூடாது என்பது முதல் நாளே சொல்லிக்கொடுத்த விதி. அது யாருடைய எலி என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அந்த ரேக்கில் இரண்டு ஸ்ட்ரெயின் இருந்தன, பி10, பி10.டி2. ஜார்ஜ் ஸ்னெல் வகுத்த வழியில், திசு பொருந்துவதைத் தீர்மானிக்கும் ஒரு பகுதி தவிர மற்றதெல்லாம் ஒன்றாக வரும்படி உண்டாக்கியவை. அந்த வேலைக்கு அவருக்கு 1980இல் நோபல். இரண்டும் ஒரே கறுப்பு. கண்ணால் பிரிக்கவே முடியாது.

மாதங்கள் கழித்து ஆய்வாளர் ஒருவர் அந்தக் கூண்டின் வாரிசுகளில் தோல் ஒட்டுப் போட்டார். ஒரே ஸ்ட்ரெயினுக்குள் போட்ட ஒட்டு ஆயுசுக்கும் நிற்க வேண்டும். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை, காய்ந்து பொருக்காக உதிர்ந்தது. அவர் தன் கைத்தையல்தான் தப்பு என்று நினைத்து மறுபடி போட்டார், மறுபடி உதிர்ந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாயங்காலம் நான் பேரேட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் அத்தனை எலிகள் வீணாகச் செத்திருக்காது. கடைசியில் வாய் திறந்து சொன்னேன். திட்டு விழுந்தது, வாங்கிக்கொண்டேன்.

சின்ன வயதில் நீ என் பேரேட்டைப் பார்த்து "அண்ணனுக்கும் தங்கைக்குமா?" என்று முகம் சுளித்தது ஞாபகம் இருக்கிறதா? அப்போது சிரித்து மழுப்பினேன். உடன்பிறந்த ஜோடியை விடாமல் 20 தலைமுறை சேர்த்தால்தான் அதற்கு ஸ்ட்ரெயின் என்ற பெயரே கிடைக்கும். அப்போது 98 சதவீதத்துக்கும் மேலான இடங்களில் இரண்டு பிரதியும் ஒன்றாகிவிடும். நாலைந்து வருஷ வேலை. கிளாரன்ஸ் குக் லிட்டில் 1909இல் முதல் ஸ்ட்ரெயினை ஆரம்பித்தபோது இப்படிச் சேர்த்தால் வம்சமே அற்றுப்போகும் என்று நினைத்தவர்கள் உண்டு. பிளாக் சிக்ஸின் மூலத்தாய் ஏபி லேத்ரோப் என்ற பெண்ணின் பண்ணையிலிருந்து வந்த 57ஆம் எண் எலி. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர், அழகுக்கு வளர்ப்பவர்களுக்கு எலி விற்றுக்கொண்டிருந்தவர். எந்த எலி எதற்குப் பிறந்தது என்று எழுதி வைத்தார், கட்டி வந்ததைக்கூடக் கவனித்து எழுதினார். எனக்குப் பிடித்த ஆள்.

தப்பே நடக்காவிட்டாலும் ஸ்ட்ரெயின் அப்படியே நிற்காது என்பதையும் தெரிந்துகொள். பிளாக் சிக்ஸில் 'ஜே' (J) என்ற கிளையில் என்என்டி என்ற மரபணுவில் ஒரு துண்டே காணாமல் போயிருக்கிறது. 1951இல் பிரிந்த 'என்' (N) என்ற கிளையில் அது முழுசாக இருக்கிறது, ஆனால் விழித்திரையைக் கெடுக்கும் வேறொரு பிழை நுழைந்திருக்கிறது. நீ போன மாதம், ஒப்பிட்டுப் பார்க்க வைத்த எலிகளைப் பற்றி, "கன்ட்ரோலும் பிளாக் சிக்ஸ்தான்மா" என்று சொன்னாயே, எந்த பிளாக் சிக்ஸ்? அதையும் அட்டையில் எழுது. நாங்கள் மூலக் காலனியில் உடன்பிறந்த ஜோடிகளை மட்டும் வைத்திருந்தோம். அங்கிருந்து எலி கீழே பெருக்கும் காலனிக்குப் போகும், ஒருநாளும் மேலே திரும்பாது. இப்போது கருக்களை உறையவைத்து, சில தலைமுறைக்கு ஒருமுறை அதிலிருந்தே புதுப்பிக்கிறார்கள். எங்களுக்கு அந்த வசதி வந்தது நான் ஓய்வு பெறும் சமயத்தில்தான்.

இப்போது செய்ய வேண்டியது: அந்தக் கூண்டையும், இந்தத் தாயின் உடன்பிறப்புகள் இருக்கும் கூண்டுகளையும் பயன்படுத்துவதை நிறுத்து, சிவப்பு அட்டை மாட்டு. தாய், ஆண், ஏழு குட்டி எல்லாவற்றிலும் காது நுனித் திசு எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பு. இந்த வரிசையிலிருந்து யாருக்காவது எலி கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்ச் சொல், முடிவு வரும்வரை காத்திருக்காதே. சோதனையில் ஒன்றிரண்டு தேறினாலும் அதை வைத்துக் காலனியைக் காப்பாற்றப் பார்க்காதே, புது ஜோடி வரவழைப்பதுதான் மலிவு. ஆறு வார வேலை போகும். அழுகை வந்தால் அழு.

இந்தத் தாய் வேறு யாரிடமாவது முன்னால் இருந்தாளா, காதுத் துளை எண்ணும் அட்டை எண்ணும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் இன்று ராத்திரி பார்த்து எனக்கு எழுது. நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அம்மா